தார் மணக்கும் கட்டு

இன்று பேராதனை வீதியில் தார் ஊற்றுகிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, நான் மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு தார்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் கால்மணி நேரம் நின்றேன். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று வேலையாட்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அந்த மணத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு தீவு இருக்கிறது. நான் பார்த்தேயிராத தீவு.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசைவீடு ஒன்றில் பிறந்தவன், எப்படியோ டைப்படிக்கக் கற்றுக்கொண்டு கண்டியில் ஒரு தேயிலைக் கம்பனியில் ஒட்டிக்கொண்டிருந்தேன். "எம் மவன் மிசினு ஓட்டுறான்" என்று அம்மா லயம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். நான் ரயில் ஓட்டுவதாகவே பாதிப்பேர் நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாவிக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த ஒரு வீட்டுக்கு டைப்படிக்கப் போவேன். அங்கே இருந்தவர் டென்மார்க் தேசத்துத் துரை. வடக்கே குளிர்கடலில், நூறு பேர்கூட இல்லாத ஒரு தீவுக்கு இருபது வருடம் கவர்னராக இருந்தவர். நெஞ்சுநோய் கண்டதும் வெப்பமான ஊருக்குப் போகச் சொன்னார்களாம், கண்டிக்கு வந்துவிட்டார். கண்டி வெப்பமான ஊர் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ!

கவர்னர் என்றால் நமக்குத் தெரிந்த கவர்னர் இல்லை. இங்கே அரசாங்கக் கச்சேரியில் ஏஜென்டுத் துரையின் நிழலைப் பார்க்கவே அரைநாள் வராந்தாவில் கால்கடுக்க நிற்க வேண்டும். இவரோ ஒரு பஞ்சகாலத்தில், மேலிடத்து உத்தரவு வருவதற்குள் பிணம் விழுந்துவிடும் என்று அரசாங்கக் களஞ்சியத்தின் பூட்டை உடைத்து மாவைப் பங்கிட்டவர். பிரசவ வேதனையில் கிடந்த ஒருத்திக்காகப் புயலில் படகு வலித்துப்போய் மருத்துவச்சியை அழைத்துவந்தவர். இதையெல்லாம் இருமலுக்கு நடுவே, நேற்றுச் சந்தைக்குப் போய்வந்ததைப்போலச் சொல்வார்.

அந்தத் தீவுக்கு வருடத்தில் ஒரே கப்பல், கோடையில். அதில் ஏறும் கடிதக்கட்டு ஐப்பசி மழையோடு கண்டிக்கு வந்து சேரும். தீவிலுள்ள எல்லா வீட்டாரும் எழுதியிருப்பார்கள். கட்டைக் கட்டியிருக்கும் கயிறு புதிதாகத் தார் பூசியது. அது அவருடைய பழைய படகோட்டியின் வேலை. உங்கள் படகுக்கு இந்த வருடமும் தார் பூசிவிட்டேன், வாருங்கள் என்று அதற்குப் பொருள். துரை கடிதங்களைப் பிரிக்கும் முன் அந்தக் கயிற்றைத்தான் முகர்வார்.

பதில்களை அவர் எழுதித்தர, ஒரு சொல்லும் புரியாமல் எழுத்தெழுத்தாகப் பார்த்து அடிப்பேன். அவர்கள் பாஷையில், சுழியின் குறுக்கே கோடு போட்ட எழுத்து ஒன்று உண்டு. தீவு என்பதற்கே அந்த ஒற்றை எழுத்துதானாம். என் மெஷினில் அது கிடையாது. நான் சுழியை அடிக்க, அவர் பேனாவால் கோடு கிழிப்பார். எல்லாக் கடிதங்களுக்கும் கடைசி வரி ஒன்றே. "அடுத்த கோடைக் கப்பலில் தீவுக்கு வருகிறேன்" என்று பொருள் சொன்னார். ஐந்து வருடம் அதை அடித்தேன். ஆறாம் வருடம் வாய் சும்மா இருக்காமல், உண்மையாகவே போவீர்களா என்று கேட்டுவிட்டேன். கப்பல் ஏறினால் பாதிவழி தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சமையல்காரர் காதர் நானாவிடம் துரை கற்றுவைத்திருந்த தமிழ் ஒரே ஒரு சொல். முடியும் என்பதற்கு நானா சொல்லும் சொல். அதைச் சொன்னார்: "ஏலும்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

பங்குனியில் துரை இறந்தார். ஐப்பசியில், எப்போதும்போல, கட்டு வந்தது. குத்தகை முடியும்வரை அந்த வீட்டிலேயே இருந்த நானா, அதை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்து என் அறைக்குக் கொண்டுவந்தார்.

"தம்பி, அந்தச் சனத்துக்கு ஒரு காயிதம் போடுங்க. தொர மௌத்தாகிட்டாருன்னு எழுதுங்க. மௌத்த மறைக்கப்படாது."

"சரி நானா."

ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம்; தீவில் இருந்த பாதிரியார் வாசித்துச் சொல்லியிருப்பார். அது எனக்குத் தோன்றாமலில்லை. ஆனால் கயிறு மேசையில் கிடந்து மணத்துக்கொண்டிருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாவை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. தெரிந்த ஒரே வரியைப் படகோட்டிக்கு அடித்தேன். கோட்டையும் நானே கிழித்தேன். கடைசி வருடம் கை நடுங்கியதால் துரை தன் பெயரையும் மெஷினிலேயே அடிக்கச் சொல்லியிருந்தார். அது எனக்கு வசதியாகப் போயிற்று. கொழும்பில் அவர்கள் தேசத்துக் கான்சல் ஆபீசிலிருந்து யாராவது உண்மையைத் தெரிவிப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

யாரும் தெரிவிக்கவில்லை. மறுவருடமும் கட்டு வந்தது. வீடு கைமாறிவிட்டதால் தபால்காரர் அதை என்னிடமே தந்தார். கலகெதரையில் மகளோடு இருக்கப் போய்விட்ட நானா அன்று என்னைப் பார்க்க வந்திருந்தார். கட்டை எடுத்துக் கயிற்றை முகர்ந்தார். புதுத்தார்.

"நீங்க எழுதல்ல" என்றார்.

அதன்பிறகு அவர் என் அறைப்படி ஏறவில்லை. நான் திருந்தினேனா என்றால், அந்த வருடமும் அதே வரியைத்தான் அடித்தேன்.

அதற்கடுத்த வருடம் உலக யுத்தம் வந்தது, கட்டு வரவில்லை. யுத்தம் முடிந்தும் வரவில்லை. நானா போய்ச் சேர்ந்துவிட்டார். துரையின் வீட்டை இடித்து ஹோட்டல் கட்டிவிட்டார்கள். நான் எடுத்துவைத்த கயிறுகளில் மணம் போய் வெறும் சணல்தான் மிஞ்சியிருக்கிறது. எத்தனை கோடை அந்த மனிதர் படகுக்குத் தார் பூசினாரோ, எனக்குத் தெரியாது. அவரிடம் மன்னிப்புக் கேட்க அந்தப் பாஷையில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. தெரிந்ததெல்லாம், அடுத்த கோடைக் கப்பலில் வருகிறேன் என்பது மட்டும்தான்.