பூட்டிய வீட்டு ரௌட்டர்

உத்தமபாளையத்தில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுப்பது என் தொழில். எட்டாவதோடு படிப்பை விட்டவன் என்பதால், எது பழுதானாலும் என்னால்தான் ஆனது என்று பதறுவேன். நாங்கள் மாட்டியிருந்த ரௌட்டர்களின் கெர்னலில், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமட்டத்தில், ஓட்டை இருப்பதாகக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. அதன் வழியே வெளியாள் நுழைந்து வீட்டுக் கேமராவைக்கூடப் பார்க்கலாம். சரிசெய்த கெர்னலை ஏற்றி, ரௌட்டரை அணைத்துப் போட வேண்டும். பழையவற்றில் சில, அணைத்தால் மறுபடி எழுவதில்லை.

கடைசியாக ஒரு பூட்டிய வீடு மிஞ்சியது. அங்கே தனியாக இருந்த அம்மாள் இறந்துவிட்டார். துபாயில் இருக்கும் மகன், அம்மாள் அறையிலிருந்த கேமராவை எடுக்கவிடவில்லை; அங்கிருந்தே போனில் அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டில் சாவி வாங்கி உள்ளே போய், அவனுக்குப் போன் போட்டேன்.

"அணைச்சா வராமப் போயிருமாண்ணே?"

"வந்திரும் தம்பி," என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

"அப்படியே விட்டா?"

"கண்டவனும் அம்மா ரூமைப் பாப்பான்."



"சரி, அணைங்க. படம் வர்ற வரைக்கும் நீங்க அந்தக் கட்டிலைப் பாத்துக்கிட்டே நில்லுங்க. வேற எங்கிட்டும் திரும்பாதீக."

கெர்னலை ஏற்றி அணைத்துப் போட்டுவிட்டு, ரௌட்டருக்கு முதுகைக் காட்டிக் கட்டிலின் முன்னால் நின்றேன். போர்வை மடித்தபடி கிடந்தது. ரௌட்டரில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"வந்திருச்சுண்ணே," என்றான்.

நான் மூச்சு விட்டேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அம்மாவ மறைக்கிறீக."

விலகிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.