சுண்ணாம்புக்கு அடியில்

மேலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒருவர் தேர்தல் சுவரெழுத்து எழுதிக்கொண்டிருக்கிறார். 'இலங்கை அகதிகளுக்குக் குடியுரிமை பெற்றுத் தருவோம்.' இதில் கடைசிச் சொல் மட்டும் பாக்கி. பேச்சுக் கொடுக்கிறேன். திருவாதவூர்ப் பக்கம் அகதிகள் முகாமில் பிறந்தவராம்.

எனக்குத் தெரிந்ததை அவிழ்த்துவிடுகிறேன். "அமெரிக்காவுல ஸ்பானிஷ் பேசுற கியூபாக்காரங்க நெறைய. அவங்களுக்குப் பயந்தே கியூபா விஷயத்துல அரசாங்கம் பார்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கும்."

பிரஷ்ஷை டப்பாவில் முக்குகிறார். "அவங்களுக்கு ஓட்டு இருக்குல்லண்ணே?"

"இருக்கு. உங்களுக்கு?"

கேட்டிருக்கக் கூடாது.

"நமக்கு ஏதுண்ணே? இந்தச் சுண்ணாம்புக்கு அடியிலயும் இதே வரிதான் இருக்கு. போன எலெக்சனுக்கு நாந்தேன் எழுதுனேன், வேற கட்சிக்கு."

'தருவோம்' என்று முடிக்கிறார். அதன் கீழே, கோணல் விழாமல், 'வாக்களிப்பீர்' என்று எழுதத் தொடங்குகிறார்.