ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் வேலை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸின் சொந்தக்காரரைப் போனில் பிடித்து, "உங்கள் வண்டியில் கோளாறு இருக்கிறது, கொண்டு வாருங்கள்" என்று சொல்வதுதான் என் வேலை. ஹைதராபாத்தில் பஸ் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இருக்கிறேன். கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட ஷாஃப்டில், சில வண்டிகளுக்கு மட்டும் தரம் குறைந்த போல்ட்டுகளை மாட்டி அனுப்பிவிட்டார்கள். இலவசமாக மாற்றித் தருகிறோம். இலவசம் என்றதும் ஏதோ மோசடி என்று போனை வைத்துவிடுகிறார்கள். போனில் பேசிப் பிழைப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை

யாதகிரி, ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்களின் முதலாளி. எப்போது கூப்பிட்டாலும் "சனிக்கிழமை அனுப்புறேன்" என்பார். சனிக்கிழமை கூப்பிட்டால் அடுத்த சனிக்கிழமை. டிரைவர் நம்பராவது கொடுங்கள் என்று கெஞ்சியபோது, என்னிடமிருந்து தப்பிக்கவே கொடுத்தார். டிரைவர் நரசிம்மாவிடம், கியர் மாற்றும்போது தரைக்கு அடியில் தட்டுகிற சத்தம் வந்தால் உடனே ஓரங்கட்டச் சொல்லி வைத்தேன். அதைக் கேள்விப்பட்டு யாதகிரி கூப்பிட்டார்.

"அம்மா, நிக்கிற வண்டியைத்தான் ரிப்பேர் பண்ணுவாங்க. ஓடுற வண்டி உங்களை என்ன பண்ணிச்சு?"

திட்டில் பாதி

ஒருநாள் காலை நரசிம்மாவே கூப்பிட்டார். போவன்பள்ளி மார்க்கெட் பக்கம் வந்துகொண்டிருக்கிறார். நான் சொன்ன அதே சத்தம். வண்டி நிறையப் பெண்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டே போய்விடு, ஷிஃப்ட் போய்விடும் என்கிறாராம் முதலாளி. நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. போல்ட்டில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால் என் வேலை போகலாம். பக்கத்தில் எங்கள் மெக்கானிக் செல்வம் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்வாசி; 'வேண்டாம்' என்பது அவர் வாயில் 'நக்கோ' என்றுதான் வரும். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டவர், டம்ளரை வைத்துவிட்டு வேன் சாவியை எடுத்தார்.

"யோசனை நக்கோ மேடம், நிறுத்தச் சொல்லுங்க. திட்டு வந்தா பாதி எனக்கு."

மார்க்கெட் சுவரோரம்

நரசிம்மாவை நிறுத்தச் சொல்லிவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் சுவரோரம் உட்கார்ந்து, ஒரு பெட்டி தக்காளியைச் சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வம் அண்ணன் வண்டிக்கு அடியில் போனார். பாதி போல்ட்டைக் காணோம். மீதியும் விரலால் ஆட்டினால் ஆடின. கொஞ்ச தூரம் போயிருந்தால் ஷாஃப்ட் கழன்று ரோட்டில் குத்தியிருக்கும். முன்னால் இருந்தது மேம்பாலம்.

வேலைக்கு நேரமாக்கிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். லட்சுமி என்பவர் எழுந்து வந்து என் பையைத் திறந்து ஒரு கை தக்காளி போட்டார்.

"சூப்பர்வைசர் கத்துவார், கத்தட்டும் மேடம். நாங்க கத்துற மாதிரி ஆகலையே."

முதலாளி

யாதகிரி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, கழற்றி வைத்த போல்ட்டை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நரசிம்மாவின் தோளைத் தட்டினார். மறுநாள் அவரே என்னைக் கூப்பிட்டார்.

"மத்த பஸ்ஸெல்லாம் உங்க கேட்டுக்கு வெளிய நிக்குது. வாட்ச்மேன் உள்ள விடமாட்டேங்கிறான், கொஞ்சம் சொல்லுங்க அம்மா."

என் வேலை ஒழுங்காக நடந்தால் ஊரில் ஒன்றுமே நடக்காது. அந்த ஒன்றுமில்லாததற்கு எத்தனை பேருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.