வெள்ளச்சிக்காகக் கேட்டதும் குற்றாலநாதர் கொடுத்ததும்

குற்றாலநாதரை நம்பிப் பிழைக்கிற எல்லாருக்கும், ஐந்தருவிக்குப் போகிற சாலையில் சைவ மெஸ் நடத்துகிற கோமதியின் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பேசிப் பழக்கம் உண்டு, அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இந்தச் சீசனில் சாமி எனக்குச் செய்ததை வெளியே சொல்லாமல் இருந்தால், வாங்கிக்கொண்டு வாயைத் துடைத்துக்கொண்டு போன கதையாகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பூனை வெள்ளச்சி சாகக் கிடந்தது. நாலு குட்டி போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. வயிற்றால் போய்க்கொண்டே இருந்தது. எது கொடுத்தாலும் வாந்தி. மடியில் பால் வற்றிவிட்டது. கண் திறக்காத நாலு குட்டிகளும் வெறும் காம்பைச் சப்பிச் சப்பி விட்டுவிட்டுக் கத்தின. பூனைக்காகவா இந்தப் பாடு என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தோசைக் கல்லின் முன்னால் நின்று பாருங்கள், சிரிப்பு வராது.

வெள்ளச்சி எங்களிடம் வந்து சில வருஷம் இருக்கும். ஒரு ஆடிச் சாரலில் நனைந்துகொண்டு வந்து கிரைண்டர் பக்கத்தில் ஒண்டியது, அப்படியே இருந்துவிட்டது. அரிசி மூட்டைக்கு அதுதான் காவல். நாங்கள் போட்டது பாலும் தயிர்ச்சோறும். வெளியே போய் அது என்ன தின்றதோ, நான் கேட்டதில்லை. சைவ வீட்டுப் பூனை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அதுவும் வாயைத் திறந்து மறுத்ததில்லை.

குட்டி போட்டதும் எனக்குக் கை பரபரத்தது. என் மகளுக்குப் பேறுகாலம் பார்த்த கை இது. பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பால் ஊறுவதற்குப் பூண்டை நெய்யில் வதக்கிச் சோற்றில் பிசைந்து வைத்தேன். சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கிளறிய பேறுகால மருந்தை எடுத்து அதன் நாக்கில் தடவினேன். காலையும் மாலையும் கெட்டிப் பால். நெய் வாசனைக்கு வெள்ளச்சி சாப்பிட்டது. குட்டிகளை விட்டு வெளியே போகவே இல்லை. பார்த்தீர்களா, மகராசி எப்படிச் சாப்பிடுகிறாள் என்று வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

இரண்டொரு நாளில் ஆரம்பித்தது. முதலில் வயிறு கடமுடவென்றது. பிறகு தண்ணீராய்ப் போனது. நான் விடுவேனா, ஓமத்தண்ணீர் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் பூண்டும் சேர்த்தேன். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் வெள்ளச்சிக்குத் தலை நிற்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சீசன் ஞாயிறு என்றால் குற்றாலம் எப்படி இருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும். அருவியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைவிடக் கார் ஹாரன் சத்தம்தான் அதிகம். தென்காசியில் மாட்டாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் மறுநாள் காலையில்தான் டாக்டர் வருவார் என்றார்கள். வாசலில் இலைக்குக் காத்திருக்கிற கூட்டம். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடுப்படியில் குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும் இருக்கிற படத்துக்கு முன்னால் கரண்டியோடு போய் நின்றேன். நான் சாமியிடம் கெஞ்சுகிற ஆள் இல்லை, சண்டை போடுகிற ஆள்.

"நீரும் அம்மையும்தானய்யா உலகத்துக்கே தாய் தகப்பன்? இங்கன ஒரு தாய் நாலு பிள்ளையோட கெடக்கா. நான் இந்தக் கூட்டத்தை விட்டுட்டு எங்கயும் போக முடியாது. வைத்தியம் தெரிஞ்ச ஆளை நீரே அனுப்பும். எனக்கு வேற கதி இல்ல."

சொல்லிவிட்டுத் தோசை ஊற்றப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில், பின்கட்டில் கை கழுவப் போன ஒரு பெண் திரும்பி வராமல் ஸ்டோர் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கொல்லம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு குளிக்க வந்தவர். "சேச்சி, உள்ளே பூச்சக்குட்டி கரையுதே. தள்ளைக்கு சுகமில்லையா?" என்று கேட்டார். அவர்கள் பாஷையில் பூச்ச என்றால் பூனை, தள்ளை என்றால் தாய், கரைவது என்றால் அழுவது. நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். வெள்ளச்சியின் கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருப்பதைப் பார்த்தார். "நான் வெட்னரி டாக்டர்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கேட்டு ஒரு பானை மாவு தீரவில்லை, சாமி வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டான். சும்மா ஒரு வைத்தியரை இல்லை, மிருக டாக்டரையே அனுப்பியிருக்கிறான்.

"என்ன கொடுத்தீங்க?" என்று அவர் கேட்டதும் நான் பெருமையாக வரிசையாய்ச் சொன்னேன். பூண்டு என்றதும் அவர் முகம் மாறியது.

"சேச்சி, பூண்டு பூச்சைக்கு விஷம். ரத்தத்தையே கெடுத்திடும். பாலும் பெரிய பூச்சைக்குச் செரிக்காது. நெய், மருந்து எல்லாம் இப்பவே நிறுத்துங்க. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயே ஆகணும். நாலு குட்டிக்குப் பால் கொடுக்கிறதுக்கு அதுக்கு இறைச்சி வேணும். கோழியை உப்பில்லாம வேகவச்சுக் கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க."

குட்டிகளைச் சூடாக வைத்துக்கொள்ளச் சொன்னார். குட்டிகளுக்கென்று விற்கிற பால் பவுடரின் பெயரையும் சொல்லி, தாய்க்குப் பால் ஊறுகிற வரை சொட்டு மருந்து விடுகிற ஃபில்லரில் கொடுக்கச் சொன்னார். சாப்பாட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றேன், கேட்காமல் வைத்துவிட்டுப் போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுபடியும் படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஆளை அனுப்பினீர், சந்தோசம். ஆனா இது சைவ வீடுன்னு உமக்குத் தெரியாதா? எங்க வம்சத்துல அடுப்புல கவிச்சி ஏறினதில்ல. வேற வழி ஏதாவது சொல்லும்."

வந்த பதிலைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு பதில் கேட்ட பக்தை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பாலையும் பூண்டையும் நிறுத்தினேன். அதற்குப் பதிலாக உப்பில்லாத பருப்புச்சோறு குழைத்து வைத்தேன். வெள்ளச்சி மூக்கைத் திருப்பிக்கொண்டது. வீட்டுக்காரர் அத்தனை நெரிசலிலும் பைக்கில் தென்காசிக்குப் போய்ப் பால் பவுடர் வாங்கி வந்தார். மூன்று குட்டிகள் ஃபில்லரைக் கவ்விக் குடித்தன. எல்லாவற்றிலும் சின்னது, பொடியன் என்று நாங்கள் கூப்பிடுவது, வாயைத் திறக்கவே இல்லை. என் உள்ளங்கையில் ஈரத் துணி மாதிரி கிடந்தது.

திங்கட்கிழமை காலையில் மெஸ்ஸை வேலையாட்களிடம் விட்டுவிட்டு, கூடையில் தாயையும் குட்டிகளையும் வைத்து ஆட்டோவில் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டிரிப் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். எல்லாம் முடிந்து டாக்டர் சொன்னார், "இன்னைக்கு இது வாயால சாப்பிட்டாத்தாம்மா பிழைக்கும். கோழி வேகவச்சுக் குடுங்க."

அதே பதில். ஒரு எழுத்து மாறவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் பேசவில்லை. நான் பேசாமல் வந்தால் வீட்டுக்காரருக்குப் பயம் வந்துவிடும். இலஞ்சி தாண்டுகிற இடத்தில் கோழிக்கடை தெரிந்தது. நிறுத்தச் சொன்னேன்.

"ஏட்டி, என்ன செய்யப் போற?" என்றார்.

"கோழி வாங்கப் போறேன்."

"சுத்த சைவம்னு போர்டு வச்சுருக்கோம். சீசன் நேரம். நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவான்?"

"போர்டு மெஸ்ஸுக்கு. மெஸ் அடுப்புக்கு எதுவும் வராது. பூனை போர்டைப் படிச்சுட்டா நம்ம வீட்டுக்கு வந்துச்சு?"

நான் இறங்கினேன். கடைக்கார அண்ணாச்சி தினமும் எங்களிடம் இட்லிப் பார்சல் வாங்குகிறவர். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன ஆச்சி, வழி மாறி இங்கன வந்துட்டியளா?"

"இல்ல அண்ணாச்சி. கோழி வேணும்."

"யாருக்கு?"

"பிள்ளை பெத்தவளுக்கு" என்றேன். அழுதுவிட்டேன். வீட்டுக்காரர்தான் கூடையைக் காட்டி விஷயத்தைச் சொன்னார்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. தோலை உரித்து, எலும்பு எடுத்து, சதையை மட்டும் பொட்டலம் கட்டினார். "நீங்க சைவம். உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? நம்ம வீட்டுலயே வேகவச்சு அனுப்பச் சொல்லுதேன். தினமும் பையன்கிட்ட குடுத்து விடுதேன்" என்றார்.

எவ்வளவு நல்ல மனுஷர். சரி என்று சொல்லியிருந்தால் என் கை நனையாமல் எல்லாம் முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சொல்ல முடியவில்லை.

"வேண்டாம் அண்ணாச்சி. சாமிகிட்ட கேட்டது நான். செய்ய வேண்டியதும் நான்தான்" என்றேன்.

வீட்டுக்குப் பின்னால், வேலியோரத்தில் மூன்று கல்லை வைத்தேன். வீட்டுக்காரர் எங்கேயோ போய்ப் புதுச் சட்டி ஒன்று வாங்கி வந்தார். சாரல் விட்டபாடில்லை, விறகு புகைந்தது. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு மேலே நின்றார், நனைந்தது அவர்தான். பொட்டலத்தைப் பிரித்ததும் எனக்குக் குமட்டியது. ஒதுங்கிப் போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து சிவ சிவ என்று சொல்லிக்கொண்டே கழுவிச் சட்டியில் போட்டேன். அது கொதிக்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இறக்கி, ஆறவைத்து, விரலால் நார் நாராகப் பிய்த்தேன்.

வெள்ளச்சி கண்ணை மூடிக் கிடந்தது. ஒரு நாரை அதன் மூக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். ஒன்றுமில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். மூக்கு அசைந்தது. நாக்கை நீட்டி என் விரலை நக்கியது. பிறகு நாரை வாங்கிக்கொண்டது. இன்னொன்று கொடுத்தேன், அதையும் வாங்கியது. "தின்னு, என் தாயே, தின்னு" என்று சொல்லிக்கொண்டே ஊட்டினேன். டாக்டர் சொன்னபடி கொஞ்சத்தோடு நிறுத்திவிட்டுத் தண்ணீர் வைத்தேன், குடித்தது. வாந்தி எடுக்குமோ என்று நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். எடுக்கவில்லை.

ஊசிக்கும் டிரிப்புக்கும் தொடர்ந்து கூட்டிக்கொண்டு போனோம். அடுத்தடுத்த நாட்களில் வயிறு கட்டியது. மடியில் பால் இறங்கியது. பொடியனுக்கு மட்டும் நான் ஃபில்லரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் ஃபில்லரை வாயில் வைத்தால் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். என்ன கொழுப்பு என்று கீழே விட்டேன். அண்ணன்மார் முதுகு மேலே ஏறி விழுந்து, தாயின் காம்பைப் பிடித்துக்கொண்டான். விட்டு வரவே இல்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். இந்த முறை சண்டைக்கு எதுவும் மிச்சமில்லை.

ஊசியும் மருந்தும்தான் காப்பாற்றியது என்று சொல்கிறவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. ஊசி போட்டவர்களையும் அவன்தானே எனக்குக் காட்டினான். நான் இன்றைக்கும் சைவம்தான், சாகிற வரைக்கும் சைவம்தான். மெஸ்ஸிலும் பூண்டு ரசம் முதற்கொண்டு எதுவும் மாறவில்லை. ஆனால் தினமும் காலையில் வேலியோரத்து அடுப்பில் அந்தச் சட்டி ஏறுகிறது. குமட்டல் போய்விட்டது. சாமியிடம் இன்ன மாதிரிதான் தர வேண்டும் என்று விலாசம் எழுதிக் கொடுக்கிற பழக்கமும் போய்விட்டது.

வெள்ளச்சி முதல் வாய் சாப்பிட்ட அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் தலைக்குக் குளித்தேன். கோயிலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று இருந்தது. கவிச்சி தொட்டவர்கள் அன்றைக்குக் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சோப்புப் போட்டேன், புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டும் தேய்த்தேன். விரலிலிருந்து வாடை போகவில்லை. போகலாமா வேண்டாமா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். கடைசியில் போய்விட்டேன். சந்நிதியில் கையைக் கூப்பினால் வாடை நேரே மூக்குக்கு வருகிறது. ஒன்றும் கேட்கவில்லை. "அவ சாப்பிட்டுட்டா" என்று மட்டும் சொன்னேன். குருக்கள் திருநீற்றுத் தட்டோடு வந்தார். எனக்குக் கை உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் காத்துக்கொண்டு நின்றார்.

உங்களில் யாராவது இப்போது ஒரு கஷ்டத்தோடு இருப்பீர்கள். தைரியமாகக் கேளுங்கள், வேண்டுமானால் சண்டையும் போடுங்கள். பதில் கட்டாயம் வரும். வருவது உங்கள் வீட்டு வழக்கப்படி இல்லையென்றால் என்னைப் போலத் திருப்பி அனுப்பாதீர்கள். அன்றைக்கு நான் அந்தக் கையையேதான் நீட்டினேன். அதில்தான் திருநீறு விழுந்தது.