நல்ல குடத்துத் தண்ணீர்

ஒகேனக்கல் பஸ் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். நான் பிறந்த சமயத்தில், எண்பதுகளின் தொடக்கத்தில், அங்கே கைப்பம்பு போட்டார்கள். கொஞ்ச வருஷத்தில் ஊர்ப் பிள்ளைகளின் பல்லெல்லாம் பழுப்பேறியது, என் பல்லும்தான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பிக்கு முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்ட ஆரம்பித்தபோதுதான் அம்மாவுக்குப் பம்பின் மேல் சந்தேகம் வந்தது. அன்றிலிருந்து ஒரு மைல் தள்ளியிருந்த தோட்டத்துக் கிணற்றில் தினம் ஒரு குடம் சேந்தி வந்தாள். பம்பு வந்த பிறகு அதற்கு மேல் கிணற்றுக்காரர் விடமாட்டார். அந்தக் குடம் தம்பிக்கு. யாராவது விருந்தாளி வந்தால் அவருக்கும் அதிலிருந்துதான்; வந்தவருக்குப் பம்புத் தண்ணீர் கொடுப்பது எங்கள் பக்கம் மரியாதையில்லை.

நான் நாலாவது படிக்கும்போது, வீடு வீடாகக் கேட்டு எழுத ஒருவர் வரப்போவதாக அப்பா கேள்விப்பட்டு வந்தார். அவர் எழுதுவதை வைத்துத்தான் எந்தெந்த ஊருக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் என்று முடிவு செய்வார்களாம். என்ன சொல்வது என்று அம்மா இரண்டு நாளாக அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வந்தவர் நல்ல மனிதர். வெயிலில் நடந்தே வந்திருந்தார். நான் முந்திக்கொண்டு ஓடி நல்ல குடத்திலிருந்து மொண்டு கொடுத்தேன். குடித்துவிட்டு, தண்ணீர் நன்றாக இருக்கிறதே என்று ஏதோ குறித்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அது வேறு தண்ணீர் என்று சொன்னால் உபசாரத்தைச் சொல்லிக்காட்டியதாகிவிடும் என்று அம்மா பேசாமல் இருந்தாள்.

பிறகு தாளைப் பார்த்துக் கேட்டார்.

"பம்பு வந்தப்புறம் தூரம் போற கஷ்டம் கொறஞ்சிருக்குதுதானே?"

முன்பு ஊரே எல்லாவற்றுக்கும் அந்தக் கிணற்றுக்குத்தான் நடந்தது. "கொறஞ்சிருக்குதுங்க" என்றாள் அம்மா.

"தண்ணி கலங்கலில்லாம தெளிவா வருதில்லீங்களா?"

"தெளிவாத்தான் வருதுங்க."

எல்லாக் கேள்வியும் இப்படித்தான். இல்லை என்று சொல்ல எதிலும் இடமில்லை. தான் பதில் வைத்திருக்கிற கேள்வி அடுத்தது வரும், அடுத்தது வரும் என்று அம்மா காத்திருந்தாள். அவர் தாளை மடித்ததும் தம்பியை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"சார், இவன் காலைப் பாருங்க."

அவர் பார்த்தார். முகம் வாடித்தான் போனது. "இது தண்ணி பத்தின ஃபாரமுங்க. காலைப் பத்தி இதுல கேள்வியே இல்லீங்களே" என்றார்.

சில மாதம் கழித்துக் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் பக்கத்து ஊரோடு நின்றுபோனது. விசாரிக்கப் போன அப்பா திரும்பி வந்து, "குறையே இல்லாத ஊருன்னு எழுதியிருக்குதாம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குள் தம்பி பள்ளிக்கூடம் வரை நடக்க முடியாமல் வீட்டோடு இருந்தான். அவனிடம் ஓடிப்போய், நம் ஊர் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறது என்றேன். அவன் கை தட்டிச் சிரித்தான். அம்மா எதற்காக எழுந்து வந்து என் வாயைப் பொத்தினாள் என்று அன்று எனக்குப் புரியவில்லை.