வெதுவெதுப்பான சிலிண்டர்

எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் செத்துப்போன ஒரு பெண்ணின் மூச்சு இருந்தது. அம்மாவின் பட்டுப்புடவைகளுக்குக் கீழ்த்தட்டில், பழைய பனியன் துணியில் சுற்றி வைத்திருந்தோம். நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம். தெலுங்கு ஊரான குஷாய்குடாவில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம்.

அக்கா அப்போது ஏர் பிஸ்டல் சுடப் பழகிக்கொண்டிருந்தாள். அதன் குழலுக்கு அடியில் ஒரு சின்ன சிலிண்டரைத் திருகி மாட்ட வேண்டும். அதில் கைப்பம்பால் அடைத்த காற்றுதான் குண்டைத் தள்ளும். புதுசு வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. திருமுல்கேரியில் ஒரு ராணுவக் குடும்பத்தார் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா போனார். அவர்களும் தமிழ்க்காரர்கள்தான். பிஸ்டல் சுட்டுக்கொண்டிருந்த அவர்கள் பெண் காய்ச்சலில் போய்விட்டாள். பிஸ்டலோடு இரண்டு சிலிண்டர்கள் கிடைத்தன. அலுமினிய சிலிண்டர் காலி, எஃகு சிலிண்டர் நிறைந்திருந்தது.

"இது என் பொண்ணு ரூம்ல அடைச்ச காத்து சார். இதை மட்டும் வெளியே விட்டுடாதீங்க. பிஸ்டலோடவே இருக்கட்டும், நான் ஞாயித்துக்கிழமைல வந்து பாத்துட்டுப் போறேன்" என்றாராம் அந்தப் பெண்ணின் அம்மா. அப்பா எதற்கும் தலையாட்டுகிற மனிதர், இதற்கும் ஆட்டிவிட்டு வந்தார். அம்மாதான் குதித்தாள். "ஊர்ல எவ்வளவோ சாமான் இருக்க, செத்த பொண்ணோடதுதான் கிடைச்சுதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, சிலிண்டரின் மேல் ஒரு விபூதிப் பொட்டலத்தை வைத்துப் பீரோவைப் பூட்டினாள்.

திருமுல்கேரி ஆன்ட்டி சொன்னபடியே வந்தார். காபி கொடுத்தால் வேண்டாம் என்பார். சிலிண்டரை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வெகுநேரம் கழித்து, "அப்படியே இருக்கு" என்பார். காற்றுக்கும் எடை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன், ஆனால் கையாலேயே அதை நிறுக்கிற ஒருவரை அப்போதுதான் பார்த்தேன். பீரோவைத் தாண்டும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுவேன். அந்தப் பெண்ணின் மூச்சும் என்னுடையதும் கலந்துவிடக் கூடாதே!

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கியது. அலுமினிய சிலிண்டர் மாட்டினால் பிஸ்டலின் மூக்கு லேசாகி மேலே மேலே போகிறது என்று அக்கா புலம்பினாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா காய்கறி வாங்கப் போயிருந்தாள். அக்கா சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்து, எஃகு சிலிண்டரை மாட்டினாள். கையை நீட்டினாள். சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது கை.

"நக்கோ அக்கா, வேண்டாம், ஆன்ட்டிக்குத் தெரிஞ்சிடும்!"

"இந்த வெயிட்தாண்டி எனக்கு வேணும். சும்மா இரு."

கொல்லைப்புறச் சுவரில் அட்டையை மாட்டிச் சுட்டாள். ஒவ்வொரு தடவையும் 'தப்' என்று ஒரு சத்தம். ஒவ்வொன்றும் யாரோ மூச்சு விடுகிற சத்தமாகவே எனக்குக் கேட்டது. சிலிண்டர் முனையில் காற்றின் அளவைக் காட்டும் முள் இறங்கிச் சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினாள். காலி சிலிண்டரைப் பழையபடி சுற்றி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் குளிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் ஆன்ட்டி வருவதற்குள் பார்த்துவிடலாம் என்று பயந்துகொண்டே துணியைப் பிரித்தேன். முள் உச்சியில் நின்றது. சிலிண்டர் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரர் கையைத் தொட்ட மாதிரி இருந்தது எனக்கு. துணியை அவசரமாகச் சுற்றி உள்ளே தள்ளினேன். அன்று ஆன்ட்டி வந்து கண்ணை மூடி, "அப்படியே இருக்கு" என்றபோது, அந்தப் பெண் உள்ளேதான் இருக்கிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அந்த வாரம் முழுக்க அக்கா அதை மாட்டித்தான் சுட்டாள். நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் கொல்லைப்பக்கம் யாரோ மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மா! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அக்காவின் கைப்பம்ப்பின் மேல் முழு உடம்பையும் போட்டு அழுத்திக்கொண்டிருந்தாள். சைக்கிள் பம்ப் மாதிரி இல்லை அது, அக்காவே அடிக்க அழுவாள். அம்மாவின் உள்ளங்கைகள் தோலுரிந்து சிவந்திருந்தன.

"உங்க அக்கா சுட்டுத் தீத்துடறா, அந்தப் பொம்பளை கையில வெறும் இரும்பையா குடுக்கச் சொல்றே? வாயைத் திறக்காதே, போ" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் வாசல் மணி அடித்தது. ஆன்ட்டி அன்று முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டிருந்தார். பம்ப் அடித்த சூடு ஆறாத சிலிண்டரை அம்மா அவர் கையில் வைத்தாள். ஆன்ட்டி கண்ணை மூடவில்லை. சிலிண்டரைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். சிலிண்டரை மடியில் வைத்துவிட்டு அம்மாவின் கைகளைப் பிடித்துத் திருப்பினார்.

"பம்ப் அடிச்சா இந்த இடத்துலதான் உரியும். அவளுக்கு நான்தான் அடிச்சுக் குடுப்பேன். தேங்காயெண்ணெய் தடவுங்க" என்றார். அம்மா திருடி மாட்டிக்கொண்டவள் போல் நின்றாள். ஆன்ட்டி சிலிண்டரை அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிறும் வந்தார். அம்மா துணியைப் பிரித்துக் கொடுத்தாள். ஆன்ட்டி உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படியே இருக்கு."

"ஆமா, அப்படியேதான் இருக்கு" என்றாள் அம்மா.

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று என்னை மிரட்டுகிற அதே அம்மா! எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் போனதும், "ரெண்டு பேருக்கும் தெரியும்தானே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"போய்ப் படி" என்றாள் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பொய் என்றால் ஒருவராவது ஏமாற வேண்டாமா? அங்கே யாரும் ஏமாறவில்லை. பிறகு அது என்ன என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.