மூன்று விநாடிப் பெரட்டு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவள் நான் ஒருத்திதான். மலாக்கா டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. நான் செய்த முதல் இணையத்தளம் தஞ்சோங் கிளிங் கடற்கரை ஓட்டல் ஒன்றுக்கு. உச்சியில் நான்கு படங்கள், மூன்று விநாடிக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். அறைகள், கடல் உணவு, மூன்றாவதாகத் தோட்டக்காரர், மலாயில் 'துக்காங் கெபுன்', தேவை என்று அறிவிப்பு, கடைசியில் கல்யாண மண்டபம்.

மெர்லிமாவ் பக்கம் அப்பா வேலை பார்த்த எஸ்டேட்டை விற்றதில் அவருக்கு வேலை போயிருந்தது. அறிவிப்பை நானே வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் செய்ததை அவரே வாசித்து, அவரே விண்ணப்பிக்க வேண்டும் என்று ஆசை. மலாய் எழுத்துக்கூட்டி வாசிக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஒரு சனிக்கிழமை மதியம் கடைக்கு அழைத்து வந்தேன்.

திரையில் அறிவிப்பு வந்ததும் முதல் சொல்லுக்கு நேரே விரலை நீட்டி, "துக்காங்..." என்றார். அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் மணமேடை வந்துவிட்டது. விரலை எடுத்துக்கொண்டார்.

"நா ஒன்னும் தொடலம்மா."

"நீங்க இல்லப்பா. அது தானா பெரட்டும்."

"பெரட்டா? இங்கயுமா?"

எஸ்டேட்டில் காலையில் ஆட்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. எஸ்டேட் கணக்கரான கிராணி கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. நான் படம் புரள்வதைச் சொன்னேன். அவர் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர்போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அறிவிப்பு மறுபடி வந்ததும் மௌஸை அழுத்தினார். அதற்குள் படம் மாறி, மண்டபம் பதியும் பக்கம் திறந்தது.

"தோட்ட வேல கேட்டா கல்யாணத்துக்குத் தேதி கேக்குது. அம்மாட்ட சொல்லிடாதலா." சிரித்துவிட்டு, "நாந்தான் மெதுவு" என்றார். தப்பு என்னுடையது.

திங்கட்கிழமை முதலாளியிடம் கேட்டேன். "பாஸ், இத நிறுத்திடலாமா? படிக்கிறதுக்குள்ள போயிடுது."

"அசையாம இருந்தா செத்த மாதிரி இருக்கும்லா. ஓட்டல்காரன் கேட்டது இதுதான்."

பத்து விநாடியாக மாற்றினேன். மறுநாள் மூன்றாக்கச் சொன்னார். ஆக்கினேன்.

அன்று சாயங்காலம் அறிவிப்பை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்பா முழுவதையும் வாசித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இது இப்படியேதான இருக்கும்?"

"இருக்கும்பா."

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் தஞ்சோங் கிளிங் போனார். வேலை கிடைத்தது. அதன் பிறகு என் தளத்தை அவர் பார்க்கக் கேட்டதே இல்லை.